‘தற்காப்புக்காகத்தான் சுட்டேன்!’ – கோர்ட் எப்போது நம்பும்?

1991 ஜூலை மாதம். பஞ்சாபில் ஒரு வயல்வெளி. ஒரே குடும்பத்துக்குள் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த நிலத் தகராறு அன்று கைகலப்பாக முற்றியது. எதிர்த்தரப்பில் ஒருவர் கையில் ‘கண்டாசா’ இருந்தது. நீளமான கழியின் முனையில் பட்டையான வெட்டுக்கத்தி பொருத்திய ஆயுதம் அது. அதை ஓங்கித் தந்தையை வெட்டினார். பக்கத்தில் நின்ற மகனிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி இருந்தது. மகன் சுட்டார். வெட்டியவர் இறந்துபோனார்.

மகன்மீது கொலை வழக்கு. ‘தற்காப்புக்காகச் சுட்டது’ என்று ஏற்றுக்கொண்டு விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டு ஆயுள் தண்டனை விதித்தது. கடைசியில் 2010 ஜனவரி 15 அன்று நீதிபதிகள் தல்வீர் பண்டாரி, அசோக் குமார் கங்குலி ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு மறுபடியும் விடுதலை செய்தது. ‘தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு’ என்ற அந்தத் தீர்ப்புதான், தற்காப்பு என்று யார் வாதிட்டாலும் இன்றைக்கும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைக்கும் தீர்ப்பு.

வயலில் நடந்தது சில விநாடிகள். அந்த விநாடிகளுக்கு விளக்கம் சொல்லி முடிக்கப் பதினெட்டரை ஆண்டுகள் ஆயின. அதுவும் சட்டம் முழுக்கத் தன் பக்கம் இருந்த ஒருவருக்கு! வீட்டில், தோட்டத்தில், எஸ்டேட்டில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். நம் சட்டம் தரும் தற்காப்பு உரிமை மிகப் பெரியது. ஆனால், அந்த உரிமைக்கு ஒரு கெடிகாரம் இருக்கிறது. அது எப்போது ஓடத் தொடங்கும், எப்போது நிற்கும் என்பதை லைசென்ஸ் கொடுக்கிற யாரும் சொல்லித்தருவதில்லை.

முதலில் உரிமையைப் பார்ப்போம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக வருகின்றன. எண்கள்தான் மாறின, சாரம் 1860-இல் எழுதியதுதான். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எதுவும் குற்றமே அல்ல என்று 34-ஆவது பிரிவு பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. தன் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும், தன் சொத்தையும், அடுத்தவர் சொத்தையும்கூடக் காக்கலாம்.

எதிராளியின் உயிர் போகும் அளவுக்குப் போகலாமா? போகலாம். ஏழு சூழ்நிலைகளை 38-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. கொலை முயற்சி, கொடுங்காயம் ஏற்படும் அபாயம், பாலியல் வன்கொடுமை, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், ஆள்கடத்தல், போலீஸ் உதவியைக்கூட நாட முடியாதபடி அடைத்துவைத்தல் ஆகியவை ஆரம்பத்திலிருந்தே இருந்தவை. ஆசிட் வீச்சு 2013-இல் சேர்க்கப்பட்டது. சொத்து விஷயத்தில் 41-ஆவது பிரிவு. வழிப்பறி - கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல், உயிர் பயத்தை உண்டாக்கும் திருட்டு அல்லது அத்துமீறல் ஆகியவை அதில் அடங்கும்.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் துப்பாக்கியை நினைத்துப் பார்க்காமல் இல்லை. இன்றைய 44-ஆவது பிரிவில் ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ஒருவரைக் கொல்ல ஒரு கும்பல் சூழ்கிறது. கும்பலை நோக்கிச் சுட்டால்தான் பிழைக்க முடியும். கும்பலுக்குள் சிறு பிள்ளைகளும் கலந்து நிற்கிறார்கள். வேறு வழியே இல்லாமல் சுட்டு, அதில் ஒரு பிள்ளைக்குக் காயம் பட்டாலும் சுட்டவர் குற்றவாளி அல்ல என்கிறது அந்த உதாரணம். முதன்முறை படித்தபோது உடம்பு அதிர்ந்தது. இவ்வளவு தூரம் போகிற சட்டமா சாமானியரை 18 ஆண்டுகள் அலையவிடுகிறது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

பதில் 37, 40, 43 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. அபாயம் வரப்போகிறது என்ற நியாயமான அச்சம் எழும் நொடியில் உரிமை பிறக்கிறது. அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த அச்சம் இருக்கும்வரை உரிமையும் இருக்கும். அச்சம் நீங்கினால் உரிமையும் தீர்ந்தது. தேவைக்கு மீறிய தீங்கு கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. நாமே வலியப் போய் இழுத்துவிட்ட சண்டையில் தற்காப்பு என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.

தென்காசி பக்கம் கடையத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை, பின்னாலிருந்து வந்த முகமூடித் திருடன் துணியால் இறுக்கினான். இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். கையில் அரிவாள். சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் எடுத்து வீச, விடுபட்ட கணவரும் சேர்ந்து இருவரையும் விரட்டினார்கள். சி.சி.டி.வி. காட்சி நாடெங்கும் பரவியது. சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் கையால் அந்தத் தம்பதிக்கு விருதும் கிடைத்தது.

அதே காட்சியைச் சட்டக் கண்ணோடு பார்க்கலாம். கழுத்தில் துணி இறுகும் நொடியில் அந்த அம்மாவின் கையில் துப்பாக்கி இருந்து சுட்டிருந்தாலும், சட்டப்படி அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அரிவாளோடு மறுபடி மறுபடி முன்னே வந்தபோதும் அப்படியே. ஆனால், அவர்கள் முதுகைக் காட்டி இருட்டுக்குள் ஓடிய பிறகு ஒரு குண்டு பாய்ந்திருந்தால்? அது வேறு வழக்கு. இரண்டுக்கும் நடுவே சில விநாடிகள்தான் இடைவெளி. திருடன் அதே திருடன், வீடு அதே வீடு. இருந்தாலும் விருது வாங்க வேண்டியவர் ஜாமீன் மனுவோடு நிற்க நேரிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஜெய் தேவ் வழக்கு இந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டுவிட்டது. அதுவும் வட இந்தியக் கிராமம் ஒன்றில் நிலத்துக்காக வந்த மோதல்தான். முதல் குண்டு பாய்ந்ததும் எதிர்க்கூட்டம் சிதறி ஓடத் தொடங்கியது. ஓடியவர்களையும் தூரத்திலிருந்து சுட்டார்கள். ‘எங்கள் நிலத்தில் அத்துமீறி நுழைந்தார்கள், உயிர் பயத்தில் சுட்டோம்’ என்ற வாதம் அங்கேதான் உடைந்தது. அத்துமீறி வந்தவர்களைக் கண்டு நிலத்துக்காரர் ஓடிப்போய்ப் போலீசிடம்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. அவர்கள் ஓட ஆரம்பித்த பிறகு அபாயம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறது. கொலைக் குற்றம் உறுதியானது.

செயின் பறிப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கத்தியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அது கொள்ளை. உயிர் பயமும் இருக்கிறது. உரிமையும் முழுதாக இருக்கிறது. பைக்கில் ஏறிப் பறந்த பிறகு எட்டுப் பவுன் போனாலும் சரி, எண்பது பவுன் போனாலும் சரி, பின்னாலிருந்து சுட உரிமை இல்லை. விரட்டிப் பிடிக்கலாம், பறித்ததை மீட்கலாம். உயிரை எடுக்க முடியாது. தென்னந்தோப்பில் தேங்காய் திருடுகிறவனுக்கும் இதே கதிதான். வெறும் திருட்டைத் தடுக்க உயிர் போகாத அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்பதோடு 42-ஆவது பிரிவு நிறுத்திக்கொள்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியவர் இதை மனதில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ‘காலுக்குத்தான் குறிவைத்தேன்’ என்று பிறகு சொல்லிப் பயனில்லை. இருட்டில், நடுங்கும் கையில், சிதறிப் பாயும் பால்ரஸ் குண்டுகள் காலோடு நின்றுகொள்வதில்லை.

வரம்பு மீறினால் என்ன ஆகும்? நல்லெண்ணத்தோடு, திட்டமிடாமல், தேவைக்கு மேல் போய்விட்டதாக நீதிமன்றம் நம்பினால் அது கொலையாகாது. மரணம் விளைவிக்கும் குற்றமாகக் குறையும். 105-ஆவது பிரிவின்படி அதற்கும் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை அல்லது ஆயுள் தண்டனை கிடைக்கலாம். கொல்லும் நோக்கம் இல்லை என்றால் பத்து ஆண்டு வரை. நம்பவில்லை என்றால் 103-ஆவது பிரிவு. கொலை.

நம்பவைக்கும் பொறுப்பு யாருடையது என்பதுதான் பலருக்கும் தெரியாத இடம். குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை என்று நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஆனால், ‘ஆமாம், நான்தான் சுட்டேன், தற்காப்புக்காகச் சுட்டேன்’ என்று சொன்னதும் அந்த விதிவிலக்கைக் காட்டும் சுமை புதிய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவின்படி சுட்டவர் தோளுக்கு வந்துவிடுகிறது. ஆறுதலான விஷயம், அரசுத் தரப்பு அளவுக்கு அவர் நிரூபிக்கத் தேவையில்லை. இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். உயிருக்குப் போராடுகிறவன் தன் ஒவ்வோர் அடியையும் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதைத் தர்ஷன் சிங் தீர்ப்பும் ஏற்கிறது. தற்காப்பு என்று குற்றம்சாட்டப்பட்டவர் வாயால் சொல்லாவிட்டாலும், சாட்சியங்களில் அது தென்பட்டால் நீதிமன்றமே எடுத்துக்கொள்ளலாம்.

சாட்சியம் என்றால் மனிதர்கள் மட்டும் அல்ல. துப்பாக்கி வழக்கில் பொருள்கள் அதிகம் பேசும். இந்தியாவின் மிகப் பிரபலமான துப்பாக்கி வழக்கு கடற்படை கமாண்டர் நானாவதியுடையது. 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் பிரேம் அஹுஜா என்பவரைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. இருவரும் கட்டிப் புரண்டதில் துப்பாக்கி வெடித்துவிட்டது என்பது நானாவதி தரப்பு விளக்கம். அஹுஜா அப்போதுதான் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்திருந்தார். உயிருக்குப் போராடிக் கட்டிப் புரண்டிருந்தால் அந்தத் துண்டு எப்படி அவிழாமல் இடுப்பிலேயே இருந்தது? அத்தனை பெரிய வழக்கிலும் மக்கள் மனதில் தங்கிவிட்ட கேள்வி இது. ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்ல என்றார்கள். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. தற்காப்பு வழக்கு அல்ல அது. ஆனாலும், சில விநாடிகளைப் பற்றி ஒருவர் சொல்லும் கதையை ஒரு துண்டு எப்படி உரசிப் பார்க்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குத் தடய அறிவியல் இன்னும் கூர்மை. மிக அருகிலிருந்து சுட்டால் காயத்தைச் சுற்றித் தோல் கருகியிருக்கும். சற்றுத் தள்ளியிருந்தால் வெடிமருந்துத் துகள்கள் பச்சை குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். இன்னும் தூரம் என்றால் இரண்டும் இருக்காது. பால்ரஸ் குண்டுகள் எவ்வளவு அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன என்பதை வைத்தும் தூரத்தைக் கணிப்பார்கள். குண்டு முன்னால் நுழைந்ததா, முதுகில் நுழைந்ததா என்பதைப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்லிவிடும். ‘என்மேல் பாய்ந்தான், சுட்டேன்’ என்று வாக்குமூலம் இருந்து, அறிக்கையில் கருகலும் இல்லை, புள்ளியும் இல்லை, காயமும் முதுகில் என்றால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

வாக்குமூலத்துக்கும் காயத்துக்கும் பொருத்தம் இருந்தால் எதிர்மாறாக நடக்கும். பஞ்சாப் வழக்கில் தந்தையின் உடம்பில் இருந்த வெட்டுக்காயம்தான் மகனைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு வகித்தது. அதனால்தான், தாக்கப்பட்டவர் தன் காயம் சிறியதென்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, ‘ஏ.ஆர். காப்பி’ வாங்கிவிட வேண்டும் என்பதில் கிரிமினல் வழக்கறிஞர்கள் கறாராக இருக்கிறார்கள்.

இன்னொரு கஷ்டம் துப்பாக்கிக்கே உரியது. மதுரையில் 2012-இல், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவரை ஒரு பெண் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றபோது, அன்றைய எஸ்.பி. அஸ்ரா கர்க் தற்காப்புப் பிரிவைக் காட்டி அவரைக் கைது செய்யாமல் விடுவித்தார். 2021-இல் சோழவரம் பகுதியில், பாலியல் தாக்குதலுக்கு வந்தவனிடமிருந்த கத்தியைப் பறித்துக் குத்திய 19 வயதுப் பெண்ணும் அதேபோல விடுவிக்கப்பட்டார். இரண்டும் போலீஸ் அதிகாரிகள் துணிந்து எடுத்த நல்ல முடிவுகள். அவை அபூர்வம் என்பதால்தான் செய்தியாயின. மட்டையும் கத்தியும் அந்த நொடியில் கைக்கு அகப்பட்டவை. துப்பாக்கி அப்படியல்ல. பூட்டிவைத்த அலமாரியைத் திறந்து, எடுத்து, தோட்டா போட்டு, குறிபார்த்துச் சுட வேண்டும். ‘இதற்கெல்லாம் நேரம் இருந்ததே, 100-க்கோ 112-க்கோ போன் பண்ண மட்டும் நேரம் இல்லையா?’ என்று அரசு வழக்கறிஞர் கேட்பார். 37-ஆவது பிரிவு அந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. தோட்டா போட்ட நிலையிலேயே வைத்திருந்தேன் என்றால், ஏன் அப்படி வைத்திருந்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

வானத்தை நோக்கி ஒரு முறை சுட்டு மிரட்டலாமே என்று நினைப்பவர்கள் நிறைய. சினிமா சொல்லித்தந்த பாடம். கவனக்குறைவாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று ஆயுதச் சட்டத்தில் 2019-இல் திருத்தம் வந்திருக்கிறது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் சுடுவதை மனதில் வைத்து வந்த திருத்தம்தான். ஆனாலும், நெருக்கமான தெருவில் எச்சரிக்கைக்காகச் சுட்டவரையும் அது தொடக்கூடும்.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் சிக்கல் இரட்டிப்பு. கொலை வழக்கில் தற்காப்பு என்று விடுதலையானாலும், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்பது தனிக் கணக்கு. அப்பா பெயரில் லைசென்ஸ் இருக்கும் துப்பாக்கியை மகன் எடுத்துச் சுட்டாலும் கேள்விகள் எழும். லைசென்ஸ் குடும்பத்துக்குக் கொடுப்பது அல்ல, ஆளுக்குக் கொடுப்பது.

‘தற்காப்புக்காகச் சுட்டோம்’ என்ற வரியை நாம் அதிகம் கேட்பது போலீஸ் என்கவுன்ட்டர் செய்திகளில்தான். அவர்களுக்கென்று தனி உரிமை எதுவும் சட்டத்தில் இல்லை, இதே பிரிவுகள்தான். 2014-இல் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டு நெறிகளை வகுத்து, என்கவுன்ட்டரில் மரணம் நேர்ந்தால் எஃப்.ஐ.ஆரும் சுதந்திரமான விசாரணையும் கட்டாயம் என்றது. போலீஸ்காரருக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கிறது. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் விவசாயிக்கு யார் நிற்பார்கள்? ரிமாண்ட் ஆகிவிட்டால், 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால்தான் சட்டப்படி தானாக ஜாமீன் கேட்கும் உரிமை வரும். அதற்குள் துப்பாக்கி பறிமுதலாகி, லைசென்ஸும் நிறுத்திவைக்கப்படலாம். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். இறந்தவனும் அதே ஊர்க்காரனாக இருந்தால் சாட்சி எப்படி வரும்?

சுட நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில உண்டு. உடனே 112-ஐ அழைத்துத் தாக்கப்பட்டதைச் சொல்ல வேண்டும். விழுந்து கிடப்பவன் திருடனே ஆனாலும் 108-ஐ வரவழைக்க வேண்டும். அபாயம் நீங்கிய பிறகு காப்பாற்ற முயன்றவர் என்பது பின்னால் பெரிய பலம். காலித் தோட்டா உறை, கதவு, ரத்தம் எதையும் தொடக்கூடாது. எதிராளியின் கையில் இல்லாத அரிவாளை யாரோ ‘உதவிக்கு’க் கொண்டுவந்து போடுவார்கள். நல்ல வழக்கையும் கெடுத்துவிடும் பொய் அது. ஊரைவிட்டு ஓடக்கூடாது. துப்பாக்கியை ஒப்படைக்கும்போது மகஜரில் அதன் எண்ணும் மீதித் தோட்டாக்களின் எண்ணிக்கையும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நடந்ததைச் சுருக்கமாக, ஒரே மாதிரியாகச் சொல்ல வேண்டும். விரிவான வாக்குமூலம் வழக்கறிஞரிடம் பேசிய பிறகுதான். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால், முதல் நாள் ஒன்றும் மூன்றாம் நாள் வேறொன்றும் சொல்லிக் குழப்பினால் விசாரணையே திசைமாறிவிடும்.

நம் மாவட்டங்களில் கலெக்டரும், மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லித் தவறாமல் நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அதே அக்கறையோடு, 34 முதல் 44 வரையிலான பதினோரு பிரிவுகளையும் எளிய தமிழில் இரண்டு பக்கத்தில் அச்சடித்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு லைசென்ஸைக் கொடுக்கலாம். புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. அடுத்த புதுப்பித்தலிலேயே எந்தக் கலெக்டரும் இதைத் தொடங்கிவைக்கலாம்.